ஆறு பேருக்கு வைத்த சகன்

ராத்தா,

இன்று காலை என் புருசன், உன் மச்சான், பழைய தகரக் கொட்டிலைப் பிரித்தார். ஆட்டுக்குக் கூடு அடிக்கத் தகரம் வேண்டுமாம். ஒவ்வொன்றாகக் கழற்றி வேலியில் சாத்திக்கொண்டு வந்தவர், அடுப்படிப் பக்கத்துக் கூரைத் தகரத்தைக் கழற்றியதும் என்னைக் கூப்பிட்டு, "இத ஒருக்காக் கழுவித் தா, ஒரே கரி" என்றார். நானும் சாம்பலும் தேங்காய்ப் பொச்சும் எடுத்துக்கொண்டு போய்க் குந்தினேன். தண்ணீர் பட்டவுடன் அந்தக் கரியிலிருந்து ஒரு மணம் எழும்பியது பார். பாலை விறகோடு பச்சை மட்டையும் சேர்ந்து எரிந்த மணம். இத்தனை மாரியும் கோடையும் போகாமல் அது அங்கேயே ஒட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. புகையே இல்லாமல் எனக்குக் கண் எரிந்தது.

கழுவவில்லை. "கரியோட இருந்தா ஆடு ஒண்டும் சொல்லாது" என்று அவரிடம் தகரத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். வந்தவள் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி எங்கே போடுவது என்று எனக்கும் தெரியாது. ஊருக்குத் திரும்பிய அந்த ஒரு வருடம் முழுவதும் உனக்குச் சொல்லவேண்டியதையெல்லாம் போனில் கத்திக் கத்திச் சொன்னேன். நீ தண்ணீர்ப் பீப்பாவின் மேல் ஏறி நின்றால்தான் இங்கே போன் கோபுரத்தின் இழுவை கிடைக்கும். பாதி விழும், பாதி விழாது. விழாத பாதியை இப்போது சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

ஊரை விட்டு விரட்டப்பட்டுப் புத்தளத்தில் அகதியாகக் கிடந்த நமக்கு, சண்டை முடிந்து ஊர் திறந்துவிட்டது என்றார்கள். ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு நாம் மறிச்சுக்கட்டியில் வந்து இறங்கினோம். இறங்கிய இடத்தில் ஊர் இல்லை, காடுதான் இருந்தது. வாப்பாவின் வளவு எது என்று நீ ஒரு புளியமரத்தைக் காட்டினாய். உன் மச்சான் வேறொரு புளியமரத்தைக் காட்டினார். இருவரும் மழையில் நனைந்துகொண்டு மரத்துக்காகச் சண்டை பிடித்தீர்கள். கடைசியில் பற்றைக்குள் கிடந்த கிணற்றுக்கட்டில் கால் தட்டுப்பட்டு நீ குப்புற விழுந்தாய். விழுந்த இடத்தில் கிடந்தபடியே, "நான் சொன்னன்தானே, இதுதான் எங்கட வளவு" என்றாய். முழங்காலில் ரத்தம் வடிந்தது. வளவைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை.

நாம் ஆறு பேர். நான், உன் மச்சான், ஓ.எல். பரீட்சைக்குப் படிக்கும் மூத்தவள் ஸீனத், எதற்கெடுத்தாலும் காய்ச்சல் வரும் ரிஸ்னா, வாயை மூடத் தெரியாத அஸ்லம், ஆறாவதாக என் கூடப்பிறந்த நீ. உன் புருசன் மவுத்தான நாளிலிருந்து நீ எங்களோடுதான். பிள்ளைகளைப் பெற்றது நான், ஏசி வளர்த்தது நீ.

ஆனால் ஆறு பேரும் ஊருக்கு வந்து இருக்க முடியுமா? இங்கே பள்ளிக்கூடம் என்பது நாலு தடியும் ஒரு தறப்பாளும். ஸீனத்துக்குப் படிப்பிக்க யாரும் இல்லை. உன் மச்சானுக்குப் புத்தளத்தில் உப்பு லொறி ஓட்டும் வேலை. அதை விட்டால் அரிசி இல்லை. புத்தளத்திலோ நாங்கள் இருந்த வளவுக்காரர் வாசலில் வந்து நின்று, "உங்களுக்குத்தான் ஊர் திறந்திட்டாங்களே, எப்ப போறீங்க?" என்று கேட்பார். ஊருக்கு வந்தால் அரசாங்கக் கந்தோரில், "நீங்க புத்தளத்து ஆக்கள்தானே?" என்பார்கள். போ என்கிறவனுக்கும் யார் என்கிறவனுக்கும் நடுவில் பஸ் ஓடியது. அந்தப் பஸ்சில் நான் இருந்தேன்.

நீ மட்டும் அசையவில்லை. "இவ்வளவு காலமும் அடுத்தவன் காணியில இருந்தது போதும். நான் இந்த வளவ விட்டு இனி எழும்ப மாட்டன். நீங்க வாறதெண்டா வாங்க, போறதெண்டா போங்க" என்று கொட்டிலின் நடுவில் பாயைப் போட்டுக்கொண்டாய். சுவர் இல்லை. யானை வந்தால் தட்டி விரட்ட ஒரு தகர டின். அதுதான் உன் காவல்.

அந்த வருடம் நம் வீட்டில் எதைத் தேடினாலும் அது மற்ற ஊரில் இருந்தது. துருவும் திருவலை மறிச்சுக்கட்டியில், தேங்காய் புத்தளத்தில். உன் மச்சானின் ஒரு செருப்பு அங்கே, மற்றது இங்கே. எப்படி ஒற்றைச் செருப்போடு லொறியில் ஏறிப் போனார் என்று இன்றைக்கும் கேட்கிறேன். ரிஸ்னாவின் காய்ச்சல் மருந்தை நான் ஊருக்குக் கொண்டுவந்தால் காய்ச்சல் புத்தளத்தில் நின்றுவிடும். ஒருமுறை உனக்குத் துணைக்கென்று ஒரு ஆட்டைப் பஸ்சில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வில்பத்துக் காட்டுப் பாதையில் அது கண்டக்டரின் டிக்கெட்டைத் தின்றுவிட்டது. அவர் என்னை ஏசினார், நான் ஆட்டை ஏசினேன், ஆடு மட்டும் சந்தோசமாக வந்தது. இதையெல்லாம் நான் உன்னிடம் அழுதழுது சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு உன் மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

இதற்கெல்லாம் மேலே ஜீ.எஸ். ஐயா. நறுவிலிக்குளத்துக்காரர், நம் பகுதிக்குக் கிராம சேவகர். மெலிந்த மனிதர், புகை கக்கும் ஒரு மோட்டார் சைக்கிள். வீட்டுத் திட்டத்தில் நமக்குக் கல்வீடு கிடைக்கவேண்டுமென்றால் குடும்பம் இங்கேயே குடியிருக்கவேண்டும், எல்லோரையும் அவர் தம் கண்ணால் காணவேண்டும், அதன் பிறகுதான் கையெழுத்து. அவர் எப்போது வருவார் என்று சொல்ல மாட்டார். ஆனால் வந்தால் உச்சி வெயிலில்தான் வருவார்.

நீ அதற்கு ஒரு வழி வைத்திருந்தாய். "ஆளிருக்கிற வீடெண்டா புகை எழும்பவேணும், கொடியில உடுப்புக் காயவேணும்" என்பாய். ஆறு பேரின் உடுப்பும் எப்போதும் கொடியில் தொங்கும். உன் மச்சானின் சாரம், அஸ்லமின் காற்சட்டை, ஸீனத்தின் பள்ளிக்கூட வெள்ளை. அங்கே புத்தளத்தில் காலையில், "உம்மா, வெள்ளை எங்க?" என்று அவள் கத்துவாள். வெள்ளை இங்கே காற்றில் ஆடிக்கொண்டு அவள் ஊரில் இருக்கிறாள் என்று அரசாங்கத்துக்குச் சாட்சி சொல்லும். அடுப்புக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தாய். ஒரு ஆளுக்குச் சமைக்கிற புகை வேறாம், ஆறு பேருக்குச் சமைக்கிற புகை வேறாம். மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டவுடன் பச்சை மட்டையை அடுப்பில் செருகுவாய். ஊரே மறையும்.

அவர் வந்து நின்று, "தங்கச்சி எங்க?" என்று கேட்டால், "இப்பதான் குளிக்கப் போனாள்" என்பாய். மச்சான்? விறகுக்கு. பிள்ளைகள்? பள்ளிக்கூடம். அவர் ஒருநாள் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு கேட்டாராம்: "அக்கா, இந்த ஊரில குடிக்கவே பவுசரிலதான் தண்ணி வருது. உங்கட தங்கச்சி மட்டும் இந்த வருசம் முழுக்க எங்க போய்க் குளிக்கிறா?" நீ அசரவில்லையாம். "அதுதான் ஐயா, தண்ணி தேடிப் போறவள் வரப் பிந்துது" என்றாயாம்.

அந்த நாட்களில்தான் நீ சகன் வாங்கினாய். நிவாரணமாகக் கிடைத்த பணத்தில் நான் ஒரு கதவு வாங்கலாம் என்று இருந்தேன். நீ சிலாவத்துறைக்குப் போய், ஆறு பேர் சுற்றியிருந்து கையிட்டுச் சாப்பிடும் அந்தப் பெரிய தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சுவரில்லாத வீட்டுக்குச் சகன் எதுக்கு?" என்று கேட்டேன். "சுவரச் சுத்தியிருந்து சாப்பிட ஏலுமா?" என்று திருப்பிக் கேட்டாய். பிறகு குரலை இறக்கி, "எங்கட சொந்த வளவுல, ஒரு நாளைக்காவது, ஆறு பேரும் ஒரு சகன்ல இருக்கவேணும் புள்ள. அதுக்குப் பிறகு எனக்கு ஒண்டும் வேணாம்" என்றாய். உனக்குத் தெரியும்தானே, சகனில் ஆள் நிறையாமல் யாரும் கை வைப்பதில்லை. ஒரு ஆள் குறைந்தாலும் தெருவில் போகிறவரையாவது கூப்பிட்டு இருத்திவிட்டுத்தான் தொடங்குவோம்.

நோன்பு வந்தது. வெயிலென்றால் மண் கொதிக்கும் வெயில். நீ நாக்கு உலர்ந்து போய்க் கொட்டிலுக்குள் கிடந்திருக்கிறாய். நடுப்பகலில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. பழக்கதோசம், எழும்பி ஓடிப் பச்சை மட்டையைச் செருகி ஊதிவிட்டாய். நோன்பு என்பது உனக்கு நினைவில் இல்லை. ரமழான் பட்டப்பகலில், முஸ்லிம் வீட்டில், ஆறு பேருக்கு ஆக்கும் புகை! வந்தது ஜீ.எஸ். இல்லை. பள்ளிவாசல் லெப்பை.

அவர் மோட்டார் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு உள்ளே வந்தாராம். "யா அல்லாஹ், நோன்பில பகல்ல அடுப்பா?" நீ பானையின் மூடியைத் திறந்து காட்டினாய். உள்ளே வெறும் தண்ணீர். "ஜீ.எஸ். வாறாரெண்டு நினைச்சு மூட்டினன்" என்று உள்ளதைச் சொன்னாய். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு, "நோன்போட பொய் சொல்லப்படாது ராத்தா" என்றார். "நான் வாயால ஒண்டும் சொல்லல்ல லெப்பை, புகைதானே சொல்லுது" என்றாய். அவர் வாசல்வரை போனார். நின்றார். திரும்பி, மெதுவாகக் கேட்டார்: "அப்ப, நேரம் இருந்தா எங்கட கொட்டிலிலயும் கொஞ்சம் மூட்டிவிடுங்க. என்ட பெஞ்சாதியும் புத்தளத்திலதான் நிக்கிறா."

இதை நீ போனில் சொன்ன அன்று பீப்பாவிலிருந்து விழுந்தாய் என்று நினைக்கிறேன். தொப்பென்று ஒரு சத்தம், பிறகு நீண்ட நேரம் உன் சிரிப்பு மட்டும் கேட்டது. நான் புத்தளத்தில் பவுசர் தண்ணீருக்கும் வளவுக்காரர் பேச்சுக்கும் நடுவில் விம்மிக்கொண்டிருந்தவள், நானும் சிரித்தேன். அந்த வருடம் நான் சிரித்ததெல்லாம் உன் புண்ணியம்.

நோன்புப் பெருநாளைக்குச் சகன் நிறைந்திருக்கவேண்டும். நிறையவில்லை. உப்பு லொறி கற்பிட்டிப் பாதையில் அச்சு முறிந்து நின்றது, உன் மச்சான் அதற்குள் பெருநாள் கொண்டாடினார். ரிஸ்னாவுக்குக் காய்ச்சல், ஸீனத் அவளோடு நின்றுவிட்டாள். நானும் அஸ்லமும் மட்டும் வந்து இறங்கினோம். நீ எங்கள் இருவருக்கும் பின்னால் எட்டிப் பார்த்தாய், இன்னும் யாராவது பஸ்சிலிருந்து இறங்குவார்களா என்று. பஸ் போய்விட்டது. பக்கத்துக் கொட்டில் ஸுபைதாவின் மூன்று பிள்ளைகளையும் கூப்பிட்டு இருத்திச் சகனை நிறைத்தாய். "அடுத்த பெருநாளைக்குப் பாப்பம்" என்றாய்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பிள்ளைக் கடன் நடந்தது. வருடம் முடிவதற்குள் ஆட்களைக் காட்டாத குடும்பத்தின் வீடு வேறு ஆட்களுக்குப் போய்விடும் என்று கதை அடிபட்டது. நாங்கள் புத்தளத்தில். ஜீ.எஸ். தெருமுனையில் வருகிறார் என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். நீ ஸுபைதாவின் மூன்று பிள்ளைகளையும் பின்வேலியால் இழுத்து வந்து, கொடியில் தொங்கிய எங்கள் பிள்ளைகளின் உடுப்பை மாட்டி வரிசையாக நிறுத்திவிட்டாய். அவர் ஸுபைதா வீட்டைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வருகிறார் என்பது உனக்குத் தெரியாது.

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். நின்று பார்த்தார். பிறகு குனிந்து நடுவில் நின்றவனிடம், "தம்பி, உங்கட பேரென்ன?" என்றார். அவன் உன்னை ஒருமுறையும் அவரை ஒருமுறையும் பார்த்துவிட்டு, "எந்த வீட்டுப் பேர்?" என்று கேட்டான்.

நீ கதிரையைத் தூசி தட்டி அவருக்குப் போட்டாய். அவர் உட்கார்ந்து வெறுந்தேத்தண்ணி குடித்து முடித்தாராம். பிறகு சொன்னாராம்: "அக்கா, நானும் இந்தியாவில முகாமில இருந்தனான். ஆக்களை எண்ண வரேக்க என்னையும் ரெண்டு குடும்பத்தில எண்ணிப்போட்டுப் போனவங்கள். எனக்கு எல்லாம் விளங்குது. ஆனா எனக்கு மேல இருக்கிறவைக்கு நான் பதில் சொல்லவேணும். நான் வேற ஒண்டும் கேக்கேல்லை. எல்லாரையும் ஒருக்கா, ஒண்டா, இந்த வீட்டில காட்டுங்கோ." நீ அவருடைய கோப்பையை வாங்கிக்கொண்டு, "நானும் அதத்தான் ஐயா கேக்கிறன். அவளுக்கிட்டச் சொல்லுங்க" என்றாயாம். இதை ஸுபைதா எனக்குப் பிறகு சொன்னாள். சொல்லும்போது அவளும் அழுதாள், நானும் அழுதேன்.

ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எல்லோரும் வருவது என்று முடிவு. உன் மச்சான் முதலாளியிடம் சண்டை பிடித்து லொறியோடு லீவு வாங்கினார். ஸீனத் புத்தகங்களைக் கட்டிக்கொண்டாள். ரிஸ்னாவுக்குக் காய்ச்சல் இல்லை, அதுவே ஒரு அதிசயம். முதல் நாள் நீ பீப்பாவில் ஏறிநின்று கத்தினாய்: "இந்த முறை சாட்டுச் சொல்லப்படாது! சகனக் கழுவி வச்சிட்டன்! ஐயாவயும் பெருநாளைக்கு வரச் சொல்லியிருக்கன்!"

அன்று இரவு முழுக்க மழை. பெருநாள் தொழுகை முடிந்த கையோடு லொறியில் ஏறினோம். காட்டுப் பாதையில் அந்த ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாலம் உனக்குத் தெரியும்தானே. போய்ப் பார்த்தால் பாலம் இல்லை. சிவப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, மரங்களை உருட்டிக்கொண்டு. கரையில் காத்திருந்தோம். தண்ணீர் இறங்கும் இறங்கும் என்று பகல் முழுக்க அங்கேயே இருந்தோம். அஸ்லம் கரையில் ஒரு தடியை நட்டு வைத்து, அது மூழ்குகிறதா பார் என்று காட்டிக்கொண்டிருந்தான். தடி மூழ்கிவிட்டது. அந்த இடத்தில் போனும் எடுக்காது. இந்தக் கரையில் நாங்கள் ஐந்து பேரும் புதுச் சட்டையோடு, நனைந்த வட்டிலப்பச் சட்டியோடு. ஆற்றுக்கு அப்பால், காட்டுக்கு அப்பால், கழுவி வைத்த சகனோடு நீ. ராத்தா, நான் அன்று அல்லாஹ்விடம் கேட்டதை வேறெதற்கும் கேட்டதில்லை. பிள்ளைகளைக் கரையில் விட்டுவிட்டு நான் மட்டும் நீந்திப் போகட்டுமா என்று கூட உன் மச்சானிடம் கேட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்று அவர்தான் நினைவுபடுத்தினார்.

பொழுது பட்டால் காட்டுப் பாதையில் நிற்க விட மாட்டார்கள். திரும்பினோம். அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் என்று உலகத்தைச் சுற்றிக்கொண்டு மறுநாள் வந்தோம். மன்னார் பஸ் நிலையத்துக்குக் கிட்ட வரும்போது உன் மச்சானின் போன் அடித்தது. ஸுபைதா. அவர் லொறியை ஓரமாக நிறுத்தினார். அவர் நிறுத்திய விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீ ஆறு பேருக்கு ஆக்கி வைத்துக்கொண்டு பொழுது படும்வரை இருந்தாயாம். சாப்பிடவில்லையாம். மழையில் வர முடியாமல் ஐயாவும் நின்றுவிட்டாராம். மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு சோற்றை அயலில் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, "தண்ணி வடிஞ்சதும் வருவாங்க" என்று சொன்னாயாம். காலையில் பவுசர் வந்தது. குடத்தை நிரப்பிக்கொண்டு வந்தவள், வழியில் குடத்தை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாயாம். நெஞ்சைப் பிடித்தாயாம். அவ்வளவுதான். குடம் சிந்தவில்லை என்று ஸுபைதா சொன்னாள். எதற்காக அதைச் சொன்னாளோ, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வரட்டும் என்று லெப்பை ஜனாஸாவை அஸர் தொழுகைவரை வைத்திருந்தார். வந்து உன் முகம் பார்த்தோம். ஸீனத் உன் காலைப் பிடித்துக்கொண்டு, "பெரியம்மா, வெள்ளச் சட்டையெல்லாம் இங்கயே இருக்கட்டும், எழும்புங்க" என்று கதறினாள். காடு வெட்டித் துப்புரவாக்கிய பழைய மையவாடியில், திரும்பி வந்த பிறகு தோண்டிய முதல் குழி உன்னுடையது. வளவை விட்டு எழும்ப மாட்டேன் என்றாய். சொன்ன சொல்லில் நின்றுவிட்டாய், போ.

ஏழாம் நாள் உனக்காக ஓதி, சோறாக்கினோம். அயலவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் நமக்கென்று அந்தச் சகனை எடுத்தேன். நான் எடுக்கக்கூடாது என்று நினைத்திருந்தேன், கை தானாக எடுத்துவிட்டது. கொட்டிலின் நடுவில், நீ பாய் போட்ட இடத்தில், உன் மச்சான், ஸீனத், ரிஸ்னா, அஸ்லம், நான். ஐந்து பேர். யாரும் கை வைக்கவில்லை. வழக்கப்படி யாரையாவது கூப்பிட்டு இருத்தவேண்டும். ஸுபைதா வேலிக்கு அப்பால்தான் நின்றாள். கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. உன் மச்சானுக்கும் வரவில்லை. சோறு ஆறிக்கொண்டிருந்தது.

மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. நாங்கள் யாரும் எழும்பவில்லை. ஜீ.எஸ். ஐயா வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார். மன்னாருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தாராம், செய்தி பிந்தித்தான் கிடைத்ததாம். உன் மச்சான் எழும்பப் போனார். "இருங்கோ, இருங்கோ, சாப்பாட்டில இருந்து எழும்பாதேங்கோ" என்று அவரே ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர் எண்ணுவதற்காகப் பார்க்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் வருடம் முழுக்க எண்ணிய மனிதர், கண் தானாக எண்ணிவிட்டது. எண்ணி முடித்ததும் அவருக்கு முகம் மாறியது.

"இண்டைக்குத்தான் எல்லாரும்..." என்று தொடங்கினார். கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தார்.

அஸ்லம்தான் முதலில் சோற்றில் கை வைத்தான். "பெரியம்மா ஏசுவா, சாப்பிடுங்க" என்றான். சாப்பிட்டோம். ஆறு பேருக்கு வைத்ததை ஐந்து பேரும் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டோம். நான் விக்கி விக்கிச் சாப்பிட்டேன். அடுத்த மாதம் வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட வந்தார்கள்.

அன்றிலிருந்து நான் புத்தளம் பஸ்சில் ஏறவில்லை. ரிஸ்னாவையும் அஸ்லமையும் தறப்பாள் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன். ஸீனத்தின் பரீட்சை முடியும்வரை அவளும் உன் மச்சானும் புத்தளத்தில் இருந்தார்கள், முடிந்த மறுநாளே வந்துவிட்டார்கள். பெறுபேறு நீ பயந்த அளவுக்கு மோசமில்லை. இப்போது அவள் சிலாவத்துறையில் பாலர் வகுப்புப் படிப்பிக்கிறாள், உன்னைப் போலவே பிள்ளைகளை ஏசுகிறாள். ரிஸ்னா கலியாணம் முடித்துப் போய்விட்டாள், காய்ச்சல் இப்போது மருமகனுக்கு வருகிறது. அஸ்லம் கட்டாரில், அங்கேயும் வாயை மூடுவதில்லை. கல்வீட்டுக்குச் சுவர் இருக்கிறது, கதவு இருக்கிறது. நான் வாங்க நினைத்ததைவிட நல்ல கதவு.

புத்தளத்தில் ஒரு மையித்து, ஒரு கலியாணம் என்றால் உன் மச்சான் தனியாகத்தான் போய் வருவார். "உனக்கு என்ன பிடிச்சிருக்கு, ஒரு நாளைக்கு வந்தா என்ன?" என்று கோபிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். நம்மை எண்ண இப்போது யாரும் வருவதில்லை, வீடு எழுத்தில் வந்து கனகாலம். ஆனாலும் பகல் உச்சியில் தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் நான் வாசலுக்கு வந்து நிற்பேன். யார் எந்த நேரம் வந்து கேட்டாலும் நான் வீட்டில்தான் இருக்கிறேன், ராத்தா. இப்போது வந்து பார்.